இருட்டை இருட்டாக விடுவது

போன வைகாசியில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அடுப்பங்கரையில் சிம்னி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அம்மாச்சி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் இடது கன்னத்திலும் தோட்டிலும் மட்டும் விழுந்து, மீதி முகம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. மொபைலை எடுத்தேன். மூன்று வினாடி ஆடாமல் பிடி என்றது. பிடித்தேன். வந்த படத்தில் அம்மாச்சி பளிச்சென்று இருந்தாள். பின்னால் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டப்பாக்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். சுவரில் கரி படிந்திருந்த இடம்கூட சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. விளக்கு ஏதோ சும்மா எரிந்துகொண்டிருந்த மாதிரி ஓரத்தில் இருந்தது.

அவளிடம் காட்டினேன். "கரண்டு வந்தப்பறம் எடுத்ததாய்யா இது?" என்றாள்.

இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறது. படத்தில் எந்தத் தவறும் இல்லை. ஃபோகஸ் சரி, கை ஆட்டம் இல்லை, எதுவும் வெளுத்துப் போகவில்லை, எதுவும் கருத்துப் போகவில்லை. எந்தப் பாடப்புத்தகத்தை வைத்துப் பார்த்தாலும் "சரியான எக்ஸ்போஷர்". ஆனால் நான் பார்த்தது அது இல்லை. அப்படின்னா சரி என்று முடிவு செய்தது யார்?

பாடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். எக்ஸ்போஷர் என்பது ஃபிலிம் மேலோ சென்சார் மேலோ எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது. குழாயடியில் குடம் நிரப்புவது மாதிரி: குழாயைப் பெரிதாகத் திறந்தால் சீக்கிரம் நிரம்பும், சின்னதாகத் திறந்தால் நேரமாகும். திறப்பு அப்பர்ச்சர், நேரம் ஷட்டர். எஃப் 4-ல் ஒரு வினாடியில் 500-ல் ஒரு பங்கு திறந்து வைத்தாலும், எஃப் 16-ல் 30-ல் ஒரு பங்கு திறந்து வைத்தாலும் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் படம் ஒன்றல்ல. முதல் படத்தில் பின்புலம் கரைந்துபோகும், ஓடுகிற பையன் அந்தரத்தில் உறைந்து நிற்பான். இரண்டாவதில் தூரத்து மரம்வரை கூர்மையாக இருக்கும், பையனின் கால் கோடாக இழுபடும்.

பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்' (முதல் பதிப்பு 1990) இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் உலகம் முழுக்கப் பிரபலமானது. அவர் சொல்வதன் சாரம் இது: ஒரே அளவு வெளிச்சத்தைத் தரும் ஜோடிகள் பல இருக்கின்றன. அத்தனையும் கணக்குப்படி சரி. அதில் ஒன்றோ இரண்டோதான் படைப்புரீதியாகச் சரி. அதைத் தேர்ந்தெடுப்பதுதான் உன் வேலை. நானும் இதைப் படித்துத்தான் கேமராவை ஆட்டோவிலிருந்து மாற்றினேன். ரொம்ப நல்ல பாடம், சந்தேகமே இல்லை.

ஆனால் பல வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு குறை தெரிகிறது. இந்தப் பாடத்தில் படைப்புக்கு இருக்கும் இடம், வெளிச்சத்தை எப்படிப் பங்குபோடுவது என்பதில்தான். மொத்தம் எவ்வளவு என்பது மீட்டர் சொல்லும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. எங்கே மீட்டரை வைத்து அளக்க வேண்டும் என்பதையும் பீட்டர்சன் நன்றாகவே சொல்லித் தருகிறார்; அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கடைசியில் ஒரு "சரியான அளவு" இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டு அதற்குள் விளையாடு என்பதுதான் வாசகன் மனசில் தங்கும் பாடம். குடம் நிரம்பியே ஆக வேண்டும். எப்படி நிரப்புவது என்பது உன் இஷ்டம்.

குடம் நிரம்பணும்னு யார் சொன்னது?

இந்தக் கேள்வி வெறும் தத்துவம் அல்ல. ஏனென்றால் மீட்டருக்கு எதிரில் இருப்பது என்ன என்று தெரியாது. தன் முன்னால் இருப்பது எல்லாம் சராசரியாக நடுச்சாம்பல், அதாவது விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள், என்று அது வைத்துக்கொள்கிறது. எருமை மாட்டின் மேல் வைத்து அளந்தால் எருமை சாம்பலாகும். வெள்ளை வேட்டியின் மேல் வைத்து அளந்தால் வேட்டியும் சாம்பலாகும். அது சொல்வது "இந்த இடத்தை நடுச்சாம்பலாக்க இவ்வளவு வெளிச்சம் வேண்டும்" என்பது மட்டுமே. அதை ஆக்க வேண்டுமா என்பதை அது சொல்லவே இல்லை. நாம்தான் கணக்கை உத்தரவாக எடுத்துக்கொள்கிறோம்.

நிலவை அளவுகோலாக்கியவர்

மீட்டர் இல்லாமல் எடுத்த படங்களில் அதிகம் பேசப்பட்டது ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ'. 1941-ல் அமெரிக்க உள்துறைக்காகப் படம் எடுக்கும் வேலையில் மகனோடும் நண்பரோடும் காரில் வந்துகொண்டிருந்தவர், சாலையோரம் ஒரு சின்ன ஊர், கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில், பின்னால் பனிமலை, அதற்கு மேல் நிலா, இதையெல்லாம் பார்த்து வண்டியை நிறுத்தினார். எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய கேமராவை அவசர அவசரமாக மாட்டினார். லைட் மீட்டர் கிடைக்கவில்லை. வெயில் போய்க்கொண்டிருக்கிறது.

அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது ஒரு எண்: நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு சுமார் 250 கேண்டில். ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் 'ஸோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்திருந்தார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச்சாம்பல் 5. ஒவ்வொரு படிக்கும் இடையே ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு. நிலவை ஏழாம் படியில் வைக்கலாம் என்று முடிவெடுத்தார். அப்படியென்றால் இரண்டு படி கீழே, ஐந்தாம் படியில், சுமார் 60 கேண்டில் வரும். அவர் ஃபிலிமின் வேகம் 64. அந்த வேகத்துக்கு எஃப் 8-ல் ஒரு வினாடியில் 60-ல் ஒரு பங்கு. மஞ்சள் ஃபில்டர் மூன்று மடங்கு வெளிச்சம் கேட்கும், ஆக 20-ல் ஒரு பங்கு. எல்லாம் கூர்மையாக வர எஃப் 32-க்குச் சுருக்கினால் பதினாறு மடங்கு நேரம். ஏறக்குறைய ஒரு வினாடி. எடுத்தார். பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

இந்தக் கதையை எல்லோரும் ஞாபகசக்திக்கும் கணக்குத் திறமைக்கும் உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவர் அளந்தது நிலவை. முடிவெடுத்தது நிலவைப் பற்றி. அந்த ஊரைப் பற்றி அல்ல. நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகப் போய்விடக் கூடாது, அதற்கு உடம்பு இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்த நொடியில், கீழே இருக்கும் வீடுகளும் புதர்களும் எவ்வளவு இருட்டினாலும் இருட்டட்டும் என்று ஆகிவிட்டது. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்றை விட்டுக்கொடுக்கணும். எக்ஸ்போஷர் என்பது அந்த விட்டுக்கொடுத்தல்தான்.

இதற்கு அவர் கொடுத்த விலை நெகட்டிவிலேயே இருந்தது. முன்னால் இருக்கும் நிலப்பகுதி ரொம்ப மெல்லிசாகப் பதிந்திருந்ததால் பிரிண்ட் போடப் பெரும் கஷ்டம். 1948-ல் துணிந்து நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் மறுபடி பலப்படுத்தினார். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் நெகட்டிவில் இப்படிக் கை வைக்க எவ்வளவு தைரியம் வேணும்!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆரம்பகால பிரிண்டுகளில் வானம் சாம்பலாக, மேகக் கீற்றுகளோடு இருக்கும். பின்னால் வந்தவற்றில் வானம் கருத்துக்கொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகிவிடும். நமக்கெல்லாம் தெரிந்த மூன்ரைஸ் அந்தக் கறுப்பு வானம்தான். எடுக்கும்போதே முடிவான படத்தை மனக்கண்ணில் பார்த்துவிட வேண்டும் என்பது ஆடம்ஸின் புகழ்பெற்ற போதனை. ஆனால் இந்தப் படத்தின் வரிசையைப் பார்த்தால், மனக்கண்ணே முப்பது வருஷமாக மாறிக்கொண்டிருந்தது போலத்தான் தெரிகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலம் உண்மையில் அவ்வளவு இருட்டு இல்லை. வானியலாளர்கள் நிலவின் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, படம் எடுத்தது 1941 நவம்பர் 1, மாலை 4.49 மணி என்று கண்டுபிடித்தார்கள். சூரியன் இன்னும் முழுதாக மறையாத நேரம். அந்தக் கறுப்பு வானம் அங்கே இருந்ததில்லை. ஆனால் அவருக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அந்தக் கறுப்பு தேவைப்பட்டது.

ஐந்தாம் படிக்குக் கீழே

ஆடம்ஸின் 'தி நெகட்டிவ்' நூலில் எந்தப் பொருள் எந்தப் படியில் வரும் என்று ஒரு அட்டவணை உண்டு. வெயிலில் வெள்ளையரின் சராசரித் தோல் ஆறாம் படி. கருத்த தோல், வெயில்பட்டு வெளிறிய மரம், சாம்பல் நிறக் கல், இதெல்லாம் ஐந்தாம் படி. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உபயோகமான அட்டவணை. ஆனால் முதல் தடவை படித்தபோது என் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. நாம எந்தப் படி?

இந்தக் கேள்விக்கு நான் பார்த்த சிறந்த பதில் ராய் டிகராவாவின் படங்கள். 1919-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர், 2009-ல் இறந்தார். ஓவியராக ஆரம்பித்துப் புகைப்படத்துக்கு வந்தவர். 1952-ல் குகன்ஹைம் நல்கை பெற்றார். அதைப் பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவர்தான். அந்தப் பணத்தில் ஹார்லெமின் அன்றாட வாழ்க்கையைப் படமெடுத்தார். 1955-ல் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்தப் படங்களை வரிசைப்படுத்தி, ஒரு பாட்டி பேசுவது போல ஒரு கதை எழுத, 'தி ஸ்வீட் ஃப்ளைபேப்பர் ஆஃப் லைஃப்' என்ற சின்னப் புத்தகமாக வந்தது.

டிகராவா ஃப்ளாஷ் போடாமல், இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்பவர். அந்த வெளிச்சம் ஜாஸ் கிளப்பின் மங்கலாக இருக்கலாம், படிக்கட்டில் தொங்கும் ஒற்றை பல்பாக இருக்கலாம். அதில் எடுத்தால் படம் இருட்டாகத்தான் வரும். பிரிண்ட் போடும்போது தூக்கிவிடலாம். அவர் தூக்கவில்லை. அவருடைய பிரிண்டுகளில் சுத்த வெள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் சுத்தக் கறுப்பும் குறைவு! இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இருட்டு என்று நாம் நினைக்கும் பகுதிக்குள்ளே கரியிலிருந்து ஈயம்வரை சாம்பலின் பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் அதற்குள் இருந்து ஒரு கன்னம் வரும், ஒரு சட்டைக் காலர் வரும், ஒரு கை வரும். கண் இருட்டுக்குப் பழகும் வேகத்தில்தான் அந்தப் படங்கள் தெரியும்.

'ஹால்வே' (1953) என்று ஒரு படம். ஒரு குடியிருப்பின் குறுகிய நடைவழி, நடுவில் கூரையில் ஒரு மங்கிய விளக்கு, அவ்வளவுதான். ஆள் இல்லை, சம்பவம் இல்லை. தான் வளர்ந்த கட்டிடங்களின் நடைவழிகளை அது நினைவூட்டியதாக அவர் பின்னால் பேசியிருக்கிறார். இந்த நடைவழியை ஒரு ஸ்டாப் கூட்டிப் பிரிண்ட் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுவரின் பெயர்ந்த பெயின்ட் தெரியும், தரை தெரியும். ஏழைகளின் வீட்டுவசதி பற்றிய அறிக்கைக்கு நல்ல ஆதாரப் படமாகும். இப்போது இருக்கும் நிலையில் அது ஆதாரம் இல்லை. அதற்குள் நாம் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்டாப் வித்தியாசத்தில் படத்தின் வகையே மாறிவிடுகிறது.

'கிராஜுவேஷன்' (1949) படத்தில் நீள வெள்ளை கவுன் போட்ட ஒரு சிறுமி, குப்பை சிதறிய காலி மனையோரம் நடந்து போகிறாள். வெயிலிலிருந்து நிழலுக்குள் போகப் போகிறாள். இங்கே டிகராவா ஆடம்ஸ் செய்ததைத்தான் செய்கிறார்: அந்த வெள்ளை கவுன் காப்பாற்றப்படுகிறது. நிலவுக்குப் பதில் ஒரு பெண்பிள்ளையின் உடை. மற்றது எல்லாம் அதற்கேற்ப இறங்கிக்கொள்கிறது.

நாவலாசிரியர் டேஜு கோல் 2015-ல் டிகராவா பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கறுப்புத் தோலை வெளிச்சம் போட்டு 'தெளிவாக' ஆக்க மறுத்த கலைஞர் என்று டிகராவாவைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஒத்துக்கொள்கிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. மறுப்பு என்ற சொல் மட்டும் போதாது. மறுப்பதற்குத் திறமை வேண்டாம். குறைவாக எக்ஸ்போஸ் செய்தால் போதும், எல்லாம் கரியாகிவிடும். டிகராவா செய்தது அதைவிடக் கஷ்டமானது: இருட்டுக்குள் ஒவ்வொரு சாம்பலையும் பிரித்து நிறுத்துவது. அவர் வேலையில் பாதி டார்க்ரூமில் நடந்தது.

அவருக்கே எல்லாப் படத்திலும் நிம்மதி இருந்ததாகச் சொல்ல முடியாது. 'டான்சர்ஸ்' (1956) படத்தில் மங்கலான ஹாலில் இருவர் ஆடுகிறார்கள். அவர்களின் உடல்மொழி, கறுப்பர்களைக் கேலிப்பொருளாக்கிய பழைய மேடைக் கூத்துகளை நினைவுபடுத்துகிறது என்பதால் அந்தப் படத்தோடு தனக்கு ஒரு போராட்டம் இருந்ததை அவர் மறைக்கவில்லை. இருட்டு எல்லாவற்றையும் கண்ணியமாக்கிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வெளிச்சம் கூடினால் காணாமல் போவது

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடலாம். ஹிரோஷி சுகிமோட்டோ 1970களின் கடைசியில் ஆரம்பித்த 'தியேட்டர்ஸ்' வரிசை. பழைய சினிமாத் தியேட்டருக்குள் பெரிய கேமராவை வைப்பார். படம் ஆரம்பிக்கும்போது ஷட்டரைத் திறப்பார், படம் முடியும்போது மூடுவார். ஒரு முழு சினிமாவின் நீளம்தான் எக்ஸ்போஷர். இரண்டு மணி நேரப் படம் என்றால் வினாடிக்கு 24 வீதம் 1,72,800 ஃபிரேம்கள். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைச் செவ்வகம். ஆனால் அந்த வெள்ளையின் வெளிச்சத்தில்தான் தியேட்டரின் தூண்களும் இருக்கைகளும் கூரை வேலைப்பாடும் தெரிகின்றன.

மீட்டர் மொழியில் திரை முழுக்க வெளுத்துப்போன, கெட்டுப்போன ஹைலைட். எந்தக் கேமராவும் அந்த இடத்தில் சிவப்பாகச் சிமிட்டி எச்சரிக்கும். ஆனால் படத்தின் பொருளே அங்கேதான் இருக்கிறது: எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. டிகராவா குறைத்ததும் சுகிமோட்டோ கூட்டியதும் ஒரே காரியம்தான். மொத்த வெளிச்சம் எவ்வளவு என்பதையே அர்த்தமாக்கினார்கள்.

யார் முகத்தை வைத்துச் சரி?

இனி நம்ம கதை. கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருப்பார்கள். கோடாக்கின் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பேர். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பழுப்பு நிறங்களை ஃபிலிம் சரியாகக் காட்டவில்லை என்று கம்பெனிக்குக் கேட்கும்படி புகார் சொன்னவர்களில் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் சாக்லேட் விளம்பரக்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஒரே வகுப்பு குரூப் போட்டோவில் வெளுத்த முகமும் கருத்த முகமும் இருந்தால், கருத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும்.

நம் ஊரில் இந்தக் கோளாறுக்கு ஸ்டுடியோக்கள் கண்டுபிடித்த மருந்து, முகத்தைத் தூக்குவது. என் கல்யாண ஆல்பத்தைப் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோவில் நான் என் நிறத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டபோது, அங்கிருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு "எல்லாரும் கூட்டித்தான் சார் கேப்பாங்க" என்றார். பொய் இல்லை. ஆல்பத்தில் என் கழுத்தும் முகமும் இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி இருக்கும்.

அதனால்தான் பாலுமகேந்திரா பெரிய ஆள் என்று நினைக்கிறேன். இயற்கை வெளிச்சத்தில் எடுப்பவர் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சம் அவர் நிறத்தை மன்னிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. ஜன்னலோரம் வந்தால் ஏறுகிறது, உள்ளே போனால் இறங்குகிறது. அதற்கு முன்னால், 1972-ல், 'தி காட்ஃபாதர்' படத்தில் கார்டன் வில்லிஸ் மேலிருந்து வெளிச்சம் கொடுத்து மார்லன் பிராண்டோவின் கண்களையே நிழலில் விட்டார். கண் தெரியாத கதாநாயகனா என்று அன்று பதறியவர்கள் உண்டு. பி.சி. ஸ்ரீராம் 'நாயகன்' (1987), 'அக்னி நட்சத்திரம்' (1988) எடுத்தபோது நம் தியேட்டர்களிலும் "படமே இருட்டா இருக்கு" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அந்த இருட்டுக்காகத்தான் பார்க்கிறோம்.

போன் முடிவெடுக்கும்போது

இப்போது என் அடுப்பங்கரைப் படத்துக்கு வருகிறேன். 2018-ல் கூகுள் 'நைட் சைட்' கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஆப்பிளும். பல ஃபிரேம்களை எடுத்து அடுக்கி, கண்ணுக்கே தெரியாததைக்கூட வெளியே கொண்டுவரும் வித்தை. ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பொறியாளர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்தே இருந்தார்கள். இரவை ரொம்பத் தூக்கினால் பகல் மாதிரி ஆகிவிடும், இரவு இரவாகத் தெரிய ஓவியர்கள் நிழலை எப்படி வைத்திருந்தார்கள் பார் என்று, பதினெட்டாம் நூற்றாண்டின் ஜோசஃப் ரைட்டின் விளக்கொளி ஓவியத்தையே எடுத்துக்காட்டி எழுதியிருந்தார்கள். 2021-ல் கருத்த தோல்களை உள்ளபடி காட்ட 'ரியல் டோன்' என்று தனியாக ஒரு வேலையும் செய்தார்கள். ஆக கெட்ட எண்ணம் இங்கேயும் இல்லை. ஆனால் போனுக்குச் சிம்னி விளக்கு ஒரு பற்றாக்குறை. எனக்கு அதுதான் விஷயம். எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் இந்த வித்தியாசத்தை அது எனக்காகத் தீர்க்க முடியாது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். "ரா ஃபைலா எடுத்துட்டா அப்புறம் எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாமே, எடுக்கும்போது எதுக்கு இவ்வளவு யோசனை?" பாதி நியாயம். டிஜிட்டலில் ஹைலைட் போகாத அளவுக்கு வெளிச்சம் தாராளமாகப் பதித்துவிட்டு, பிறகு கீழே இறக்குவதுதான் நிழலில் புள்ளி தட்டாமல் இருக்க நல்ல வழி. ஆனால் அது முடிவைத் தள்ளிப்போடுகிறதே தவிர நீக்கவில்லை. ஆட்டமும் ஃபோகஸின் ஆழமும் எடுத்த நொடியிலேயே முடிந்துபோன விஷயங்கள். வெளுத்துப்போன சுடரை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. முக்கியமாக, வீட்டுக்கு வந்து கணினியில் உட்காரும்போது அந்த அறை எவ்வளவு இருட்டாக இருந்தது என்பது நமக்கு மறந்திருக்கும். திரையில் முதலில் வந்து நிற்கும் பளிச் படத்தையே ஞாபகம் என்று எடுத்துக்கொள்வோம்.

இதன் மறுபக்க ஆபத்தையும் சொல்லிவிடணும். இருட்டாக இருந்தால் ஆழம், நிழலில் முகம் பாதி மறைந்தால் கலை என்று ஒரு ஃபேஷன் இன்று ஓடுகிறது. ஏழை முகம் என்றால் கான்ட்ராஸ்டைக் கூட்டிச் சுருக்கங்களைச் செதுக்கிவிடுவது அதன் இன்னொரு கிளை. அந்தப் படங்களைப் பார்க்கும்போது நான் ஒரு சின்னப் பரிசோதனை வைத்திருக்கிறேன்: அந்த இருட்டுக்குள் ஏதாவது இருக்கிறதா? நின்று பார்த்தால் கூடுதலாக ஏதாவது தெரிகிறதா? டிகராவாவில் தெரியும். பல போலிகளில் முதல் வினாடியில் தெரிந்ததுதான் கடைசிவரை.

அந்த விடுமுறையிலேயே இன்னொரு நாள் கரண்ட் போனது. இந்தத் தடவை கேமராவை எடுத்தேன். விளக்கின் சுடரை அல்ல, சுடருக்குப் பக்கத்தில் அவள் கன்னத்தை அளந்தேன். மீட்டர் சொன்னதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்தேன். தோடும் கன்னமும் ஒரு கையும் இருந்தன. மற்றதில் டப்பாக்கள் இருக்கின்றன என்று தெரியும், எண்ண முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது.

அம்மாச்சிக்குப் பிடிக்கவில்லை. "என்னய்யா இது, மூஞ்சியே தெரியல. அன்னைக்கு எடுத்தியே, அதத்தான் பெருசாப் போட்டுக் குடு" என்றாள். அவளுக்கு எண்பத்தொன்று. அவள் கல்யாணத்துக்கு எடுத்த ஒரே குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிற்கிறாள். அதில் அவள் கண்ணும் மூக்குத்தியும்தான் தெரியும். ஆயுசுக்கும் போட்டோவில் கருத்துப்போய் நின்ற ஒருத்தி முகம் தெரியணும்னு கேட்டால், அதற்கு எதிராக டிகராவாவைத் துணைக்குக் கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பளிச் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன், ஒரே ஒரு திருத்தத்தோடு: போன் கூட்டியிருந்த முகநிறத்தை அவளுடைய நிறத்துக்கு இறக்கினேன். அவள் அதைக் கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்தும் சொல்லவில்லையா தெரியாது. நடுவீட்டில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். இன்னொன்று என் மேஜைக்கு மேல் இருக்கிறது. சாயங்காலம் அறை விளக்கைப் போடுவதற்கு முன்னால் பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும்.